ரேஷன் பாமாயிலும் ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட்டும்: எந்தக் கொழுப்பு உடலுக்குள் என்ன செய்கிறது?

'எண்ணெயைக் குறையுங்கள்' என்கிறது மத்திய அரசு. 'பாமாயிலை நிறுத்திவிட்டு கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் கொடுங்கள்' என்கிறார்கள் விவசாயிகள். 'கொழுப்பே வேண்டாம்' என்று ஒரு பக்கமும், 'நெய் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்' என்று இன்னொரு பக்கமும் வாட்ஸ்அப்பில் அறிவுரைகள் சுற்றுகின்றன. இதில் எது சரி? ஒரு சாதாரண குடும்பம் எதை வைத்து முடிவெடுப்பது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைந்து, கப்பலில் வந்து, பாக்கெட்டில் அடைக்கப்பட்ட பாமாயில் இந்த வளைவுகளைத் தாண்டித்தான் சேர்வராயன் மலை கிராமங்களின் ரேஷன் கடைகளுக்கு வந்து சேர்கிறது. அதே பாதையில் எதிர்த்திசையில், காபி, மிளகோடு சேர்ந்து பட்டர் ஃப்ரூட் மூட்டைகள் கீழே இறங்குகின்றன.

ஏறுவதும் கொழுப்பு, இறங்குவதும் கொழுப்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வாழவந்தி போன்ற ஒரு மலை ஊராட்சியில் நிற்கும்போது, இந்தியாவின் எண்ணெய் விவாதம் முழுவதையும் இந்த ஒரே சாலையில் பார்த்துவிடலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 பிப்ரவரி 23 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் நரேந்திர மோடி, ஒவ்வொரு குடும்பமும் சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் இந்தப் பிரசாரத்துக்காக நடிகர் ஆர்.மாதவன் உள்ளிட்ட 10 பேரின் பெயரையும் அறிவித்தார். அந்த ஆண்டு சுதந்திர தின உரையிலும் உடல் பருமன் குறித்துப் பேசும்போது இதே கோரிக்கையை மீண்டும் வைத்தார்.

இதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று உடல்நலம். மற்றொன்று பணம்.

நிதி ஆயோக் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 19.7 கிலோ சமையல் எண்ணெய் பயன்படுத்துகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பரிந்துரையாகச் சொல்லப்படும் அளவு 12 கிலோ. நாள் கணக்கில் பார்த்தால், 33 கிராம் போதும் என்ற இடத்தில் 54 கிராம் போகிறது. அந்தக் கூடுதல் 21 கிராமில் மட்டும் சுமார் 190 கலோரி இருக்கிறது.

இந்த எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி. நாட்டின் தேவையில் சுமார் 57 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. உலகிலேயே அதிக அளவில் தாவர எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு இந்தியாதான். அதில் பெரிய பங்கு பாமாயிலுக்கு.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிரதமர் சொன்னபடி 10 சதவீதம் குறைத்தால், 19.7 கிலோ 17.7 கிலோ ஆகும். அப்போதும் அது 12 கிலோவைவிட அதிகம்தான். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இந்த 10 சதவீதம் என்பது மாதத்துக்கு முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. முதல் படியாக இது நல்லதுதான். ஆனால் 'எவ்வளவு' என்ற கேள்வியோடு 'எந்த எண்ணெய்' என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் விஷயம் முழுமையாகும்.

கொழுப்பு உடலுக்கு எதற்கு?

'கொழுப்பு' என்ற சொல்லே தமிழில் கொஞ்சம் வசைச் சொல்லாகிவிட்டது. 'உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு' என்றால் திட்டு என்று அர்த்தம். ஆனால் கொழுப்பு இல்லாமல் உடல் ஒரு நாள்கூட ஓடாது.

முதலாவது, ஆற்றல். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ தருவது 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு தருவது 9 கலோரி. உடல் மிச்சமான ஆற்றலைக் கொழுப்பாகச் சேர்த்து வைப்பதற்கு இதுதான் காரணம். குறைந்த இடத்தில் நிறைய சரக்கு.

இரண்டாவது, கட்டுமானம். உடலில் உள்ள ஒவ்வொரு செல்லின் சுவரும் கொழுப்பால் ஆனது. மூளையின் உலர் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்புதான். நரம்புகளைச் சுற்றியுள்ள உறையிலும் அது இருக்கிறது.

மூன்றாவது, வைட்டமின்கள். ஏ, டி, இ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்பில்தான் கரையும். கீரையையும் கேரட்டையும் துளி எண்ணெய்கூட இல்லாமல் சாப்பிட்டால், அதில் உள்ள வைட்டமின் ஏ சத்தில் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். கீரையைத் தாளித்துச் சாப்பிடும் பழக்கத்தில் ருசிக்கு அப்பால் ஒரு காரணமும் இருக்கிறது.

நான்காவது, ஹார்மோன்கள். பாலியல் ஹார்மோன்கள், கார்டிசோல், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். இதைக் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும்.

ஐந்தாவது, உடலால் தானே தயாரிக்க முடியாத கொழுப்பு அமிலங்கள். லினோலெயிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற இரண்டும் உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். முதலாவது ஒமேகா-6 வகை, இரண்டாவது ஒமேகா-3 வகை. கொழுப்பே இல்லாத உணவு கொடுக்கப்பட்ட எலிகள் வளர்ச்சி குன்றி, தோல் செதிலாகி நோயுற்றதை 1929-ல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற அமெரிக்கத் தம்பதி கண்டறிந்தார்கள். அதுவரை கொழுப்பை வெறும் எரிபொருளாகத்தான் அறிவியலும் பார்த்தது.

தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் அதனால்தான். பெரியவர்களுக்கான 'டயட்' விதிகளைக் கைக்குழந்தை மேல் ஏற்றிவிடக் கூடாது.

எத்தனை வகை? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

உணவில் உள்ள கொழுப்பை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

நிறைவுற்ற கொழுப்பு: நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், ஆட்டுக்கொழுப்பு ஆகியவற்றில் அதிகம். இதன் மூலக்கூறு நேர்க்கோடாக, வளைவே இல்லாமல் இருக்கும். அதனால் செங்கல் மாதிரி நெருக்கமாக அடுங்கிக்கொள்ளும். குளிர்ந்தால் உறைந்துவிடும். மார்கழியில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது என்பதற்குக் காரணம் இதுதான். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும்.

ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு: மூலக்கூறில் ஒரே ஒரு வளைவு இருக்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், கடுகு எண்ணெய், ஆலிவ் எண்ணெய், முந்திரி, பாதாம், பட்டர் ஃப்ரூட் ஆகியவற்றில் அதிகம். நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக இதைச் சேர்த்தால் எல்டிஎல் குறையும்.

பன்மை நிறைவுறாக் கொழுப்பு: ஒன்றுக்கு மேற்பட்ட வளைவுகள். சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றில் ஒமேகா-6 அதிகம். ஆளி விதை, கடுகு எண்ணெய், வால்நட், மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஒமேகா-3 கிடைக்கும். எல்டிஎல்-ஐக் குறைப்பதில் இந்த வகை இன்னும் வலுவானது.

டிரான்ஸ் கொழுப்பு: திரவ எண்ணெயை ஹைட்ரஜன் செலுத்தி கெட்டியாக்கும்போது உருவாவது. வனஸ்பதியில் இது அதிகம் இருந்தது. இந்தியாவில் 1937-ல் அறிமுகமான 'டால்டா', நெய் வாங்க முடியாத வீடுகளுக்கு நெய் மாதிரி ஒன்றைக் கொடுத்தது. ஆனால் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு எச்டிஎல் எனப்படும் நல்ல கொலஸ்ட்ராலையும் இறக்கும் என்பது 1990-களில்தான் தெளிவானது. தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பால் உலகில் ஆண்டுக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான மரணங்கள் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்த எண்ணெயும் ஒரே வகைக் கொழுப்பால் ஆனதல்ல. எல்லாமே கலவைதான். விகிதம்தான் மாறுகிறது. 100 கிராம் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு தோராயமாக எவ்வளவு என்று பார்த்தால்:

- தேங்காய் எண்ணெய்: 85 முதல் 90 கிராம்
- நெய்: 60 கிராமுக்கு மேல்
- பாமாயில்: 45 கிராம்
- தவிட்டு எண்ணெய்: 20 கிராம்
- கடலை எண்ணெய்: 18 கிராம்
- நல்லெண்ணெய்: 15 கிராம்
- சூரியகாந்தி எண்ணெய்: 11 கிராம்

கலோரியில் இவை எல்லாமே ஒன்றுதான். 'லைட்' என்று எழுதியிருக்கும் எண்ணெயிலும் கிராமுக்கு 9 கலோரிதான். அதே போல, 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் இதயம் படம் போட்டு எழுதியிருந்தால் மயங்க வேண்டியதில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலிலும் கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான்.

சரி, அப்போ ரேஷன் பாமாயில் கெட்டதா?

தமிழ்நாட்டில் 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் வழங்கப்படுகின்றன. ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். விலைவாசி ஏறியபோதெல்லாம் ஏழைக் குடும்பங்களின் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டதில் இந்த பாக்கெட்டுக்குப் பங்கு உண்டு. 2024 மே, ஜூன் மாதங்களில் பருப்பும் பாமாயிலும் தாமதமானபோது எழுந்த கூச்சலே மக்கள் இதை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பதைக் காட்டியது. வைட்டமின் ஏ, டி செறிவூட்டப்பட்ட எண்ணெயாக இது வழங்கப்படுவது இன்னொரு பயன்.

இப்போது உடல்நலக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒரு நாள் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம்.

ஒரு லிட்டர் பாமாயில் என்பது எடையில் சுமார் 910 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு மாதம் வைத்துப் பயன்படுத்தினால், தலைக்கு நாளொன்றுக்கு 7.6 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு 3.4 கிராம். அதாவது 22 கிராம் வரம்பில் 15 சதவீதம்.

ஆக, ரேஷன் பாக்கெட் ஒன்று மட்டும் யாருடைய ரத்தக் குழாயையும் அடைத்துவிடாது. 'பாமாயில் விஷம்' என்று பரவும் செய்திகளில் அர்த்தமில்லை.

ஆனால் பிரச்னை அந்த ஒரு பாக்கெட்டோடு முடிவதில்லை. வீட்டுக்குத் தேவையான மொத்த எண்ணெயும் பாமாயிலாகவே இருந்தால், பரிந்துரைக்கப்பட்ட 33 கிராமிலேயே 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வந்துவிடும். டீக்கடை வடை, பேக்கரி பப்ஸ், பிஸ்கட், சிப்ஸ், மிக்சர் என்று வெளியில் சாப்பிடும் பலவற்றிலும் மலிவு காரணமாகப் பாமாயிலே பயன்படுத்தப்படுகிறது. அதற்கு மேல் பால், இறைச்சி, தேங்காய்ச் சட்னி. எல்லாம் சேர்ந்தால் 22 கிராம் வரம்பு எளிதாகத் தாண்டிவிடும். காசு உள்ள வீடு எண்ணெயை மாற்றி மாற்றி வாங்கும். கூலிக்குப் போகும் வீட்டுக்கு அந்த வாய்ப்பு குறைவு. இந்த விவாதத்தின் நியாயமான பகுதி அதுதான்.

கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஒன்றா?

பாமாயிலுக்குப் பதில் உள்நாட்டு எண்ணெய்களை ரேஷனில் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விவசாய அமைப்புகள் நீண்டகாலமாகக் கேட்டு வருகின்றன. இறக்குமதிக்குப் போகும் பணம் உள்ளூர் விவசாயிக்கு வரட்டும் என்ற வாதத்தில் வலு இருக்கிறது. தேங்காய் விலை சரியும்போதெல்லாம் கொங்கு மண்டலத்திலிருந்து இந்தக் குரல் பலமாகக் கேட்கும்.

ஆனால் இந்தக் கோரிக்கையில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. விவசாயி வருமானம் என்ற கண்ணோட்டத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ரத்தக் கொழுப்பு என்ற கண்ணோட்டத்தில் இரண்டும் எதிரெதிர்த் துருவம்.

அதே 33 கிராம் கணக்கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முழுக்கக் கடலை எண்ணெய் என்றால் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 6 கிராம். பாமாயில் என்றால் 15 கிராம். தேங்காய் எண்ணெய் என்றால் 29 கிராம். அதாவது தேங்காய் எண்ணெய் மட்டுமே நாள் முழுவதற்குமான வரம்பைத் தாண்டிவிடும்.

தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் எச்டிஎல்-ஐயும் சேர்த்து ஏற்றும் என்பது உண்மை. ஆனால் எல்டிஎல்-ஐயும் ஏற்றுகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெயோடு ஒப்பிட்டால் இந்த விஷயத்தில் அது பின்தங்கித்தான் நிற்கிறது. தாளிக்க, அவியலுக்கு, ருசிக்கு என்று அளவாகச் சேர்ப்பதில் தவறில்லை. பாமாயிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதே அளவு தேங்காய் எண்ணெயை வைத்தால், விவசாயிக்கு லாபம். ஆனால் 'உடல்நலத்துக்காக' என்ற காரணத்தைச் சொல்ல முடியாது.

கடலை எண்ணெய்க்கு இருக்கும் தடை வேறு. விலை. பாமாயிலைவிட அது அதிகம். அதே 25 ரூபாய்க்குக் கொடுத்தால் மானியச் சுமை பெருகும். மாநிலம் முழுவதற்கும் மாதந்தோறும் தேவைப்படும் அளவு நிலக்கடலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி.

மொரிஷியஸில் என்ன நடந்தது?

'ரேஷன் எண்ணெயை மாற்றினால் மக்களின் உடல்நிலை மாறுமா?' என்பது வெறும் ஊகமல்ல. ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. தமிழ் வம்சாவளியினரும் வாழும் இந்தியப் பெருங்கடல் தீவான மொரிஷியஸ்தான் அது.

அங்கேயும் மானிய விலை ரேஷன் எண்ணெய் உண்டு. 1987 வரை அது பெரும்பாலும் பாமாயில். சர்க்கரை நோயும் இதய நோயும் பெருகியதால், அந்த ஆண்டு அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. கூடவே உடற்பயிற்சி, புகை, மது குறித்த விழிப்புணர்வுப் பிரசாரமும் நடந்தது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1992-ல் மீண்டும் பரிசோதனை செய்தபோது, மக்களின் சராசரி ரத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. அதில் கணிசமான பங்கு எண்ணெய் மாற்றத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வீட்டுக்கு வீடு போய் யாரையும் மாற்றாமல், கடையில் கொடுக்கும் பொருளை மாற்றியதன் பலன் இது.

ஆனால் கதையின் மறுபாதியும் இருக்கிறது. அதே ஐந்து ஆண்டுகளில் உடல் பருமன் குறையவில்லை, கூடியது. சர்க்கரை நோய் நிலவரத்திலும் பெரிய மாற்றமில்லை. எண்ணெயின் வகையை மாற்றினால் கொலஸ்ட்ரால் இறங்கும். எண்ணெயின் அளவையும் சாப்பாட்டின் அளவையும் மாற்றாவிட்டால் எடை இறங்காது. இதுதான் மொரிஷியஸ் சொல்லும் பாடம்.

சாமையிலிருந்து பாக்கெட்டுக்கு

ஏற்காடு ஒன்றியத்தில் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசும் இவர்கள்தான் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம். சாமை, கேழ்வரகு போன்ற தானியங்கள் இந்த மலைகளின் பழைய பயிர்கள்.

ஊட்டச்சத்து வல்லுநர்கள் 'கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு' என்று ஒன்றைச் சொல்வார்கள். பாட்டிலில் இருந்து ஊற்றாமல், தானியத்திலும் பருப்பிலும் விதையிலும் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பு அது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் சாமையில் 3.9 கிராம் கொழுப்பு இருக்கிறது. கம்பில் 5.4 கிராம். கேழ்வரகில் 1.9 கிராம். தீட்டிய பச்சரிசியில் வெறும் 0.5 கிராம்.

நாளுக்கு 400 கிராம் தானியம் சாப்பிடுபவருக்கு, சாமையிலிருந்து கிடைப்பது 15 கிராமுக்கு மேல். அரிசியிலிருந்து கிடைப்பது 2 கிராம். தானியம் மாறும்போது, தவிட்டோடு சேர்ந்து வந்த நிறைவுறாக் கொழுப்பும் நார்ச்சத்தும் வெளியேறிவிடுகின்றன. அந்த இடத்துக்குப் பாக்கெட் எண்ணெய் வருகிறது. 'அந்தக் காலத்துல இவ்வளவு எண்ணெயா ஊத்துனோம்?' என்று மூத்தவர்கள் கேட்பதில் இந்த உண்மையும் கலந்திருக்கிறது. பாலிஷ் போட்டு வெளுத்த சாமையை வாங்கினால் இந்தப் பலன் குறைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தப் பட்டியலை வெளியிட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. ஆனால் அது 1918-ல் பிறந்தது இன்னொரு தமிழ்நாட்டு மலையில். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காகத் தொடங்கப்பட்ட ஆய்வகம் அது. தானியத்தைத் தீட்டித் தவிட்டைத் தூக்கிப் போட்டதால் வந்த நோய் பெரிபெரி. நூறாண்டு கழித்தும் பிரச்னை அதே தவிட்டைச் சுற்றித்தான் நிற்கிறது.

பட்டர் ஃப்ரூட்: பழமா, எண்ணெயா?

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு இடையே வளரும் பட்டர் ஃப்ரூட், மெக்சிகோ பக்கத்துத் தாவரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. 'அவகாடோ' என்ற பெயரில் நகரங்களில் மவுசு கூடிய பிறகு, தோட்டத்தில் ஊடுபயிராக நின்ற மரத்துக்கும் தனி மதிப்பு வந்திருக்கிறது.

100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் கொழுப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒற்றை நிறைவுறா வகை. நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம்தான். கூடவே 7 கிராம் நார்ச்சத்து. இந்தக் கலவைதான் இதன் பலம்.

ஆனால் 160 கலோரியும் இருக்கிறது. ஒரு பெரிய பழத்தை முழுதாகச் சாப்பிட்டால் மூன்று சப்பாத்திக்குச் சமம். அதைப் பால், நான்கு ஸ்பூன் சர்க்கரை, ஐஸ்க்ரீம் சேர்த்து ஜூஸாக அடித்தால் நல்ல கொழுப்பின் கணக்கு சர்க்கரையில் அடிபட்டுப்போகும். எண்ணெய்க்கோ வெண்ணெய்க்கோ பதிலாகச் சாப்பிட்டால்தான் பலன். எல்லாவற்றுக்கும் மேலே இதையும் சேர்த்தால் எடைதான் கூடும்.

மலையின் இன்னொரு விளைபொருளான காபியிலும் ஒரு கொழுப்புச் சங்கதி உண்டு. காபிக்கொட்டையில் உள்ள காஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் எல்டிஎல்-ஐ ஏற்றக் கூடியது. தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே குடிக்கும் காபியில் இது அதிகம். தாள் வடிகட்டியில் இறக்கினால் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடும். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மரச்செக்கு, ரீஃபைண்ட்: எது நல்லது?

செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கொழுப்பு அமிலங்களின் விகிதம் பெரிதாக மாறாது. கடலை எண்ணெய் கடலை எண்ணெய்தான். செக்கு எண்ணெயில் மணம், வைட்டமின் இ, இயற்கையான பாதுகாப்புப் பொருள்கள் கூடுதலாகத் தங்கும். அதே நேரம், பூஞ்சை பிடித்த கடலையைச் செக்கில் போட்டால் அஃப்லாடாக்சின் என்ற நச்சும் எண்ணெயோடு வந்துவிடும். சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கும். ஈரப்பதம் அதிகமுள்ள மலைப்பகுதியில் கடலை வாங்கிச் சேர்த்து வைப்பவர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. வடை, பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகைய ஆரம்பித்தால் அது கெட்டுவிட்டது என்று பொருள். மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் எஃப்எஸ்எஸ்ஏஐ அதே ஆண்டு தொடங்கியது. ஆனால் பெரிய உணவகங்களைவிட, தள்ளுவண்டிகளில்தான் இதைக் கண்காணிப்பது கடினம்.

கொழுப்பை மட்டும் குறைத்தால் போதுமா?

போதாது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் 81.2 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதோ ஒன்று சரியில்லை. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைமையில் நடந்த ஆய்வு இது.

இந்தியர்களிடம் அதிகம் காணப்படுவது டிரைகிளிசரைடு கூடுவதும் எச்டிஎல் குறைவதும். இதற்கு எண்ணெயைவிட அதிகம் காரணமாவது அளவுக்கு மீறிய வெள்ளை அரிசியும் மைதாவும் சர்க்கரையும். மிச்சமான மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. அதனால் நெய்த் தோசையை விட்டுவிட்டு, இனிப்பு பன்னுக்கு மாறினால் எந்தப் பலனும் இல்லை. நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும்போது, அந்த இடத்தில் எது வருகிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கடலை, பருப்பு, விதை, மீன் வந்தால் நன்மை.

வீட்டில் என்ன செய்யலாம்?

- மாதத் தொடக்கத்தில் எண்ணெயை அளந்து வையுங்கள். நான்கு பேருக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் 4 கிலோ, அதாவது சுமார் நாலரை லிட்டருக்குள் முடிய வேண்டும். பாட்டிலிலிருந்து ஊற்றாமல் ஸ்பூனில் எடுத்தாலே பாதி வேலை முடியும்.
- ரேஷன் பாமாயிலை வாங்குபவர்கள் வாங்கலாம். மீதித் தேவைக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் என மாற்றிப் பயன்படுத்தினால் சமநிலை கிடைக்கும்.
- வாரத்தில் ஓரிரு நாள் மத்தி போன்ற மீன். சைவம் என்றால் ஆளி விதை, கடுகு எண்ணெய்.
- பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிப்புக்குப் பயன்படுத்தலாம். மீண்டும் பொரிக்க வேண்டாம்.
- இதய நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனைப்படி அளவை முடிவு செய்ய வேண்டும்.

அரசு என்ன செய்கிறது?

பாமாயில் சாகுபடியைப் பெருக்க 2021-ல் 11,040 கோடி ரூபாயும், நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய் வித்துகளுக்காக 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாயும் மத்திய அரசு ஒதுக்கியது. 2030-31-க்குள் தேவையில் 72 சதவீதத்தை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது இலக்கு. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதமாக ஏற்றி விவசாயிகளைத் திருப்திப்படுத்திய அரசு, விலை ஏறியதும் 2025 மே இறுதியில் அதை 10 சதவீதமாக இறக்கி நுகர்வோரைச் சமாளித்தது. விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை.

இந்த முடிவுகளில் வரியும் மானியமும் பேசப்படும் அளவுக்கு, எந்தக் கொழுப்பு யாருடைய தட்டுக்குப் போகிறது என்பது பேசப்படுவதில்லை. மொரிஷியஸ் காட்டியது போல, ரேஷன் கடையில் எடுக்கப்படும் ஒரு முடிவு லட்சக்கணக்கான ரத்தப் பரிசோதனை முடிவுகளை மாற்றக் கூடியது. முழு பாமாயிலையும் ஒரே நாளில் மாற்றுவது கடினம். கடலை அல்லது தவிட்டு எண்ணெயில் ஒரு பகுதியைச் சில மாவட்டங்களில் கொடுத்துப் பார்ப்பது கடினமல்ல. மலை கிராமங்களில் அரிசியோடு உள்ளூர்ச் சாமையையும் கேழ்வரகையும் கொடுத்தால், எண்ணெய்த் தேவையும் ஓரளவு தானாகக் குறையும்.

அதுவரை, 20 வளைவுகளைத் தாண்டி மேலே வரும் பாக்கெட்டை வாழவந்தி வீடுகள் வாங்கத்தான் செய்யும். அதை விலக்கச் சொல்வதைவிட, அதோடு வேறு எதைச் சேர்க்கலாம், எவ்வளவில் நிறுத்தலாம் என்று சொல்வதே அந்த வீடுகளுக்கு உதவும்.